கடன் வாங்கிப் படித்தார், கல்லூரி கட்டினார்

இந்திய அரசியல் சட்டத்தை வகுத்த மேதை டாக்டர் அம்பேத்கார், உலகின் இரண்டு பெரிய நகரங்களில் மேல்படிப்பு படித்தவர். ஒன்று நியூயார்க். மற்றொன்று லண்டன்.

அமெரிக்காவில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகம் அவருக்கு எம்.ஏ., பிஎச்.டி. பட்டங்களைக் கொடுத்தது. லண்டன் பல்கலைக்கழகம் எம்.எஸ்சி., டி.எஸ்சி. பட்டங்களைக் கொடுத்தது. லண்டனிலேயே பாரிஸ்டர் படிப்பையும் முடித்தார்.

பெயருக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் இந்தப் பட்டங்கள் பலருக்கும் தெரியும். அவற்றுக்காக அவரும் அவர் குடும்பத்தாரும் கொடுத்த விலை அவ்வளவாகத் தெரியாது.

அவருக்குச் சொத்து இல்லை. அடமானம் வைக்க நிலம் இல்லை. கை கொடுக்கப் பணக்கார உறவினர் இல்லை. ஒரு மகாராஜாவின் உதவிப் பணம், ஒரு நண்பரின் கடன், ஊரில் மனைவி தாங்கிய வறுமை, இவை மூன்றும் சேர்ந்துதான் அவரைப் படிக்க வைத்தன.

ஒற்றை அறை வீடு

அம்பேத்கார் 1891-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி, மத்திய இந்தியாவில் உள்ள மாவ் ராணுவ முகாமில் பிறந்தார். குடும்பத்தின் 14-வது குழந்தை அவர். தந்தை ராம்ஜி, ராணுவத்தில் சுபேதார். தாயார் பீமாபாய். அம்பேத்கார் சிறுவனாக இருந்தபோதே தாயார் இறந்துவிட்டார்.

மகர் என்ற தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்தவர் என்பதால் சதாரா பள்ளிக்கூடத்தில் அவருக்கு மற்ற பிள்ளைகளோடு சரிசமமாக உட்கார இடம் இல்லை. வீட்டில் இருந்து ஒரு சாக்குத் துண்டு கொண்டுபோய், அதில் தனியாக உட்கார்ந்து படித்தார். தாகம் எடுத்தால் குழாயைத் தொடக்கூடாது. பள்ளிக்கூட பியூன் வந்து குழாயைத் திறந்துவிட வேண்டும். பியூன் இல்லாத நாளில் தண்ணீரும் இல்லை.

பிறகு குடும்பம் பம்பாய்க்குக் குடிவந்தது. இன்று மும்பை எனப்படும் அந்த நகரத்தில், ஆலைத் தொழிலாளர்கள் நிறைந்த பரேல் பகுதியில், ஒரு சாலில் ஒற்றை அறை கிடைத்தது. சமையலும் அங்கேதான். விறகும் பாத்திரமும் அங்கேதான். எல்லோரும் ஒரே நேரத்தில் கால் நீட்டிப் படுக்க இடம் போதாது.

இதற்குத் தந்தை ஒரு வழி கண்டுபிடித்தார். மகனைச் சீக்கிரமே தூங்கச் சொல்லிவிட்டு, அவர் விழித்துக்கொண்டு இருப்பார். இரவு 2 மணிக்கு மகனை எழுப்பிப் படிக்க உட்கார வைப்பார். மகன் எழுந்த இடத்தில் அவர் படுத்துக்கொள்வார். பக்கத்தில் மாவு அரைக்கும் கல், காலடியில் ஓர் ஆடு, மங்கலான மண்எண்ணெய் விளக்கு. மெட்ரிக் தேர்வுக்கு அம்பேத்கார் இப்படித்தான் படித்தார்.

புத்தகம் வாங்கப் பணம் இல்லாதபோது, தந்தை திருமணமான தன் மகள்களின் வீட்டுக்குப் போவார். அவர்களுடைய நகையை வாங்கி அடகு வைப்பார். பென்சன் வந்ததும் மீட்டுக் கொடுப்பார். அம்பேத்காரின் படிப்பில் கடன் என்பது இங்கிருந்தே தொடங்கிவிட்டது.

அவர் படித்த எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளி, அரசாங்கப் பள்ளி. ஆனாலும் தீண்டாமை அங்கேயும் இருந்தது. ஒருநாள் கணக்குப் போட ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைத்தார். உடனே வகுப்பில் கூச்சல் எழுந்தது. மற்ற மாணவர்களின் சாப்பாட்டு டப்பாக்கள் கரும்பலகைக்குப் பின்னால் இருந்தன. அவர் பலகையைத் தொடுவதற்குள் எல்லோரும் ஓடிப்போய் டப்பாக்களை எடுத்துக்கொண்டார்கள். அவர் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். இடம் தரவில்லை. பாரசீக மொழி எடுத்துப் படித்தார்.

1907-ம் ஆண்டு மெட்ரிக் தேறினார். 750 மார்க்குக்கு 282 மார்க் கிடைத்தது. இன்றைக்குப் பார்த்தால் சாதாரண மார்க்தான். ஆனால் ஒரு மகர் வகுப்புப் பையன் மெட்ரிக் தேறுவது அன்று பெரிய செய்தி. பாராட்டுக் கூட்டம் நடந்தது. கேளுஸ்கர் என்ற ஆசிரியர், தான் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்று நூலை அவருக்குப் பரிசாகக் கொடுத்தார்.

அவருக்கும் ராமாபாய்க்கும் இளம் வயதிலேயே திருமணம் நடந்தது. கல்யாண மண்டபம் பிடிக்க வசதி இல்லை. பைகுல்லா மார்க்கெட்டில் இரவு கடைகள் மூடிய பிறகு, அங்கேயே திருமணம் நடந்தது.

10 ஆண்டு பத்திரம்

கல்லூரியில் சேரப் பணம் வேண்டுமே? கேளுஸ்கர் அவரைப் பரோடா மகாராஜா சாயாஜிராவ் கெய்க்வாட்டிடம் அறிமுகம் செய்து வைத்தார். மாதம் 25 ரூபாய் உதவிப் பணம் கிடைத்தது. எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்து, 1912-ல் பி.ஏ. பட்டம் பெற்றார்.

1913 ஜனவரியில் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்த சில நாட்களில், தந்தைக்கு உடல்நலம் மோசம் என்று தந்தி வந்தது. உடனே ரெயில் ஏறினார். வழியில் சூரத்தில் தந்தைக்கு மிட்டாய் வாங்க இறங்கினார். அதற்குள் ரெயில் போய்விட்டது. மறுநாள்தான் பம்பாய் போய்ச் சேர முடிந்தது. மகனின் முதுகில் கை வைத்துப் பார்த்த சற்று நேரத்தில் தந்தையின் உயிர் பிரிந்தது. அது 1913 பிப்ரவரி 2-ந் தேதி.

குடும்பத்துக்குத் தூணாக இருந்தவர் போய்விட்டார். இந்த நேரத்தில்தான், சில மாணவர்களை அமெரிக்காவுக்கு அனுப்பிப் படிக்க வைக்க மகாராஜா விரும்பினார். அம்பேத்காரும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1913 ஜூன் 4-ந் தேதி அவர் ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். 3 ஆண்டு படிப்புக்கு மாதம் பதினொன்றரை பவுன் உதவிப் பணம். படித்து முடித்ததும் பரோடா சமஸ்தானத்தில் 10 ஆண்டு வேலை பார்க்க வேண்டும். இதுதான் நிபந்தனை.

அப்போது ஒரு பவுனுக்கு 15 ரூபாய். பதினொன்றரை பவுன் என்றால் சுமார் 172 ரூபாய். பம்பாயில் அது நல்ல சம்பளம். ஆனால் நியூயார்க்கில் அது 56 டாலர்தான். அதில் அவரும் வாழ வேண்டும். பரேலில் இருந்த குடும்பத்துக்கும் பணம் அனுப்ப வேண்டும்.

நியூயார்க் வாழ்க்கை

1913 ஜூலை மாதம் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். வயது 22. கொலம்பியா பல்கலைக்கழகம் அந்த நகரத்தின் மன்ஹாட்டன் தீவில், வடக்குப் பகுதியில் இருக்கிறது. அமெரிக்காவின் பழமையான கல்வி நிலையங்களில் ஒன்று. செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் படித்த இடம்.

அங்கே முதலில் அவருக்குப் புதுமையாகத் தெரிந்தது பாடம் அல்ல, சாப்பாட்டு மேஜைதான். அந்த மேஜையில் அவரை யாரும் என்ன சாதி என்று கேட்கவில்லை. அவர் தொட்ட தண்ணீர்க் குவளையை மற்றவர்கள் எடுத்துக் குடித்தார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்தார்கள். பிறந்தது முதல் கூடவே வந்த இழிவு, கப்பல் ஏறியதும் காணாமல் போய்விட்டது.

விடுதியில் அவருக்கு ஒரு நண்பர் கிடைத்தார். அவர் பெயர் நாவல் பத்தேனா. பம்பாயைச் சேர்ந்த பார்சி இளைஞர். இருவரும் லிவிங்ஸ்டன் விடுதியில் ஒன்றாகத் தங்கினார்கள். இந்த நட்பு ஆயுள் முழுவதும் நீடித்தது. அம்பேத்காரின் படிப்பில் பிற்காலத்தில் இந்த நண்பருக்கு முக்கியப் பங்கு ஏற்பட்டது.

நியூயார்க்கில் நாடகம் உண்டு, சினிமா உண்டு, நடனம் உண்டு. செலவழிக்க ஆயிரம் வழி உண்டு. அம்பேத்கார் அவற்றை ஒதுக்கினார். ஒரு கோப்பை காபி, இரண்டு சிறிய ரொட்டி, கொஞ்சம் மீன் அல்லது இறைச்சி, இதோடு சாப்பாட்டை முடித்துக்கொள்வார். மற்ற நேரம் எல்லாம் நூல் நிலையத்தில்தான். ஒரு நாளைக்கு 18 மணி நேரம் படித்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது.

மகாராஜா கொடுத்தது 3 ஆண்டு மட்டுமே. அதற்குமேல் ஒரு மாதம் தங்கினாலும் செலவுக்கு வழி இல்லை. ஆகவே அந்த 3 ஆண்டுகளுக்குள் எவ்வளவு படிக்க முடியுமோ அவ்வளவையும் படித்துவிட நினைத்தார். பட்டத்துக்கு எவ்வளவு தேவை என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. பொருளாதாரத்தில் மட்டும் 29 பாடப்பிரிவுகள் எடுத்துப் படித்தார். வரலாறு 11. சமூகவியல் 6. தத்துவம் 5. மானிடவியல் 4. அரசியல் 3. போதாததற்கு பிரெஞ்சு மொழியும் ஜெர்மன் மொழியும் படித்தார்.

அவருக்குக் கிடைத்த ஆசிரியர்களும் சாதாரணமானவர்கள் அல்ல. வரி விதிப்பு பற்றிய பொருளாதாரத்தில் புகழ்பெற்ற செலிக்மன், கல்வி பற்றியும் ஜனநாயகம் பற்றியும் புதிய கருத்துகள் சொன்ன தத்துவ அறிஞர் ஜான் டூயி, மானிடவியல் அறிஞர் கோல்டன்வைசர் ஆகியோரிடம் பாடம் கேட்டார். டூயியின் கருத்துகள் அவர் மனதில் ஆழமாகப் பதிந்தன.

1915-ல் எம்.ஏ. பட்டம் பெற்றார். கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் வரவு-செலவும்தான் அதற்கு அவர் ஆராய்ந்த பொருள்.

1916 மே 9-ந் தேதி, கோல்டன்வைசர் நடத்திய ஆராய்ச்சி வகுப்பில் ஒரு கட்டுரை படித்தார். இந்தியாவில் சாதி எப்படித் தோன்றியது, எப்படிப் பரவியது என்பது பற்றிய கட்டுரை அது. சாதிக்கு உள்ளேயே திருமணம் செய்யும் வழக்கம்தான் சாதியைக் காப்பாற்றி வருகிறது என்று அதில் விளக்கினார். சதாராவில் சாக்குத் துண்டில் உட்கார வைக்கப்பட்ட சிறுவன், 25-வது வயதில் அந்த வழக்கத்தின் வேரை நியூயார்க்கில் அறிஞர்கள் முன்னால் எடுத்து வைத்தான். அடுத்த ஆண்டு அந்தக் கட்டுரை இந்தியாவில் ஆராய்ச்சிப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது.

அதே 1916-ல் பிஎச்.டி. பட்டத்துக்கான ஆராய்ச்சியையும் எழுதி முடித்தார். ஆனால் பட்டம் உடனே கைக்கு வரவில்லை. ஆராய்ச்சியை அச்சடித்துப் புத்தகமாகக் கொடுத்தால்தான் பட்டம் என்பது கொலம்பியாவின் அன்றைய விதி. அச்சடிக்கப் பணம் வேண்டும். அந்த நூல் 1925-ல்தான் வெளிவந்தது. பட்டம் 1927-ல் கிடைத்தது. எழுதி முடித்த படிப்புக்குப் பட்டம் வாங்க 11 ஆண்டு காத்திருந்தார்.

கையில் மிச்சம் பிடித்த காசை எல்லாம் பழைய புத்தகக் கடைகளில் செலவிட்டார். சுமார் 2,000 பழைய புத்தகங்கள் வாங்கிச் சேர்த்தார். ஊருக்குக் கொண்டுவரும்படி ஒருவரிடம் ஒப்படைத்தார். அதில் ஒரு பகுதிதான் வந்து சேர்ந்தது.

11 நாள் வேலை

1916 அக்டோபரில் லண்டன் போனார். கிரேஸ் இன் என்ற சட்டக் கழகத்தில் பாரிஸ்டர் படிப்புக்கும், லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் ஆராய்ச்சிக்கும் சேர்ந்தார். பரோடா மேலும் ஓர் ஆண்டுக்கு உதவிப் பணம் கொடுத்தது. அது முடிந்ததும் திரும்பி வரும்படி உத்தரவு வந்தது. 4 ஆண்டுகளுக்குள் மீண்டும் வந்து படிப்பைத் தொடர, லண்டன் கல்லூரியில் அனுமதி வாங்கிக்கொண்டு புறப்பட்டார்.

அது முதல் உலகப் போர் நேரம். அவர் வந்த கப்பல் 1917 ஆகஸ்டில் பத்திரமாகப் பம்பாய் வந்து சேர்ந்தது. அவருடைய பெட்டிகளும் புத்தகங்களும் வந்த வேறு ஒரு கப்பல், எதிரிகளின் தாக்குதலில் கடலில் மூழ்கிவிட்டது. நஷ்டஈடாக 600 ரூபாய் கிடைத்தது. ஒப்பந்தப்படி பரோடாவுக்கு வேலைக்குப் போக அந்தப் பணம்தான் உதவியது.

பரோடாவில் அலுவலகம் இருந்தது, உத்தியோகம் இருந்தது. தங்க வீடுதான் கிடைக்கவில்லை. இந்து ஓட்டலில் இடம் தர மாட்டார்கள். கடைசியில் பார்சிகள் நடத்திய ஒரு சத்திரத்தில், பார்சிப் பெயர் ஒன்றைப் பதிவேட்டில் எழுதிவிட்டுத் தங்கினார். ஒரு நாளைக்கு ஒன்றரை ரூபாய் வாடகை. தூசி படிந்த மாடியில், வேறு ஆளே இல்லாத இடத்தில் இரவுகளைக் கழித்தார்.

11-வது நாள் காலை. அலுவலகம் புறப்படும் நேரத்தில், தடிகளோடு பத்துப் பன்னிரண்டு பார்சிகள் வந்து நின்றார்கள். சத்திரத்தைத் தீட்டுப்படுத்திவிட்டதாகத் திட்டினார்கள். மாலைக்குள் காலி செய்ய வேண்டும் என்று மிரட்டினார்கள். நகரத்தில் இருந்த இரண்டு நண்பர்களிடம் இடம் கேட்டுப் பார்த்தார். இருவரும் ஏதேதோ காரணம் சொன்னார்கள். அன்று மாலை காமதி பாக் பூங்காவில் போய் உட்கார்ந்தார். கண்ணீர் பெருகியது. இரவு ரெயிலில் பம்பாய்க்குத் திரும்பிவிட்டார்.

10 ஆண்டு வேலை பார்ப்பதாகப் பத்திரம் எழுதிக் கொடுத்தவரை, அந்த நகரம் 11 நாளுக்கு மேல் தங்கவிடவில்லை. நியூயார்க்கில் ஒரு பார்சி இளைஞரோடு ஒன்றாகத் தங்கியவர், பரோடாவில் பார்சிச் சத்திரத்தில் இருந்து தடியால் மிரட்டி விரட்டப்பட்டார். எவ்வளவு பெரிய பட்டம் வாங்கினாலும் சொந்த நாட்டில் சாதி பின்னாலேயே வரும் என்பதை அன்று அவர் தெரிந்துகொண்டார்.

மீண்டும் லண்டன்

வேறு ஒருவராக இருந்தால் படிப்பே வேண்டாம் என்று இருந்திருப்பார். அம்பேத்கார் அப்படி இருக்கவில்லை. பாதியில் நின்ற லண்டன் படிப்பை முடித்தே தீருவது என்று முடிவு செய்தார்.

பிள்ளைகளுக்கு டியூசன் சொல்லிக் கொடுத்தார். பங்கு வியாபாரிகளுக்கு ஆலோசனை சொல்லும் தொழில் தொடங்கினார். அவருடைய சாதி தெரிந்ததும் ஆட்கள் வருவது நின்றுபோனது.

1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் வணிகக் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர் வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 450 ரூபாய். பேராசிரியர்களுக்காக வைத்திருந்த பானையில் அவர் தண்ணீர் எடுப்பதற்கு அங்கேயும் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆனால் அவருடைய பாடத்தைக் கேட்க மற்றக் கல்லூரி மாணவர்களும் வந்தார்கள்.

450 ரூபாய் சம்பளம் வந்தபோதும் அவர் சாலை விட்டுப் போகவில்லை. பரேலில் நகர மேம்பாட்டு டிரஸ்ட் கட்டிய சாலில், இரண்டு சிறிய அறைகளில் குடும்பம் நடந்தது. வீட்டுச் செலவுக்கு அளந்து கொடுத்தார். மிச்சத்தை லண்டனுக்காகச் சேர்த்தார். ராமாபாய் அந்தச் சிறு பணத்தில் குடும்பத்தை ஓட்டினார்.

1920 மார்ச்சில் வேலையை விட்டார். சேமிப்போடு, கோலாப்பூர் மகாராஜா ஷாகுவின் உதவியும் கிடைத்தது. அப்படியும் போதவில்லை. அப்போதுதான் பழைய விடுதி நண்பர் நாவல் பத்தேனா 5,000 ரூபாய் கடன் கொடுத்தார். ஜூலை மாதம் அம்பேத்கார் மீண்டும் கப்பல் ஏறினார்.

நான்கு அப்பளம்

லண்டனில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கினார். வீட்டுக்கார அம்மாள் கஞ்சத்தனத்துக்குப் பேர்போனவர். காலையில் ஒரு துண்டு ரொட்டி, சிறிது மீன், ஒரு கோப்பை பானம். அவ்வளவுதான்.

அதைச் சாப்பிட்டுவிட்டு பிரிட்டிஷ் மியூசியம் நூல் நிலையத்துக்கு ஓடுவார். திறக்கும்போது முதல் ஆளாக உள்ளே போவார். மூடும்போது கடைசி ஆளாக வெளியே வருவார். மதியச் சாப்பாட்டுக்குக் காசும் இல்லை, நேரமும் இல்லை.

மாலையில் அறைக்கு வந்தால் பிஸ்கட்டும் வெண்ணெயும் கிடைக்கும். மீண்டும் படிக்க உட்காருவார். இரவு 10 மணிக்குப் பசி வயிற்றைக் கிள்ளும். தெரிந்த குஜராத்தி ஒருவர் கொடுத்திருந்த அப்பளக் கட்டு கைவசம் இருந்தது. அதில் நான்கு அப்பளத்தை எடுத்து, ஒரு தகரத் தட்டில் வாட்டித் தின்பார். ஒரு கோப்பை பால் குடிப்பார். பிறகு விடியும் வரை படிப்பு. கூடத் தங்கியிருந்தவர் தூக்கத்தில் கண் விழித்துப் பார்க்கும்போதெல்லாம் அவர் படித்துக்கொண்டே இருப்பார்.

கணவர் லண்டனில் பட்டினி கிடந்தார் என்றால் மனைவி பரேலில் பட்டினி கிடந்தார். அம்பேத்கார் வெளிநாட்டில் இருந்த ஆண்டுகளில் குடும்பம் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. அவர்களுக்குப் பிறந்த 5 குழந்தைகளில் யஷ்வந்த் ஒருவர்தான் பிழைத்தார். மற்ற நான்கு பேரும் சிறு வயதிலேயே இறந்துவிட்டார்கள். ஊரில் இருந்து வரும் கடிதங்களில் நல்ல செய்தி குறைவாகவே இருந்தது. படிப்பை விட்டுவிட்டுத் திரும்பி வரும்படி ராமாபாய் வற்புறுத்தவில்லை.

1921-ல் எம்.எஸ்சி. பட்டம் பெற்றார். பாரிஸ்டர் படிப்பையும் முடித்தார். 1922 அக்டோபரில் டி.எஸ்சி. பட்டத்துக்கு ஆராய்ச்சியைக் கொடுத்தார். ஆராய்ச்சியின் பொருள், ரூபாயின் பிரச்சினை.

அந்த நாளில் ரூபாயின் மதிப்பை பவுனோடு முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். மதிப்பு ஏறினாலும் இறங்கினாலும் அதன் பலன் ஒரு கூட்டத்துக்கு, பாரம் இன்னொரு கூட்டத்துக்கு. ரூபாயின் மதிப்புக் குறைந்தால் விலைவாசி ஏறும். ஆனால் கூலியும் சம்பளமும் அந்த வேகத்தில் ஏறாது. வியாபாரிக்கு வரும் லாபம், கூலிக்காரரின் வயிற்றில் இருந்து எடுக்கப்பட்டதுதான். அம்பேத்கார் பிற்காலத்தில் நாணயம் பற்றி எழுதியபோதும் இந்தக் கருத்தை வற்புறுத்தினார். 1925-ல் நாணயப் பிரச்சினையை ஆராய வந்த அரசாங்கக் கமிஷன் முன்னால் சாட்சியம் அளிக்கவும் அவரை அழைத்தார்கள்.

பிரிட்டிஷ் அரசின் நாணயக் கொள்கையை அவர் அந்த ஆராய்ச்சியில் கடுமையாகத் தாக்கி இருந்தார். தேர்வாளர்களுக்கு அது காரமாகப் பட்டது. திருத்தி எழுதித் தரும்படி திருப்பி அனுப்பினார்கள். அதற்குள் கையில் இருந்த பணம் தீர்ந்துவிட்டது. 1923 ஏப்ரலில் பம்பாய் திரும்பினார். சாலில் உட்கார்ந்தே நூலைத் திருத்தினார். நடையை மாற்றினார். முடிவை மாற்றவில்லை. மீண்டும் லண்டனுக்கு அனுப்பினார். இந்த முறை ஏற்றுக்கொண்டார்கள். 1923 நவம்பரில் டி.எஸ்சி. பட்டம் கிடைத்தது. அவருடைய பேராசிரியர் எட்வின் கேனன், பல கருத்துகளில் மாறுபட்டாலும் அந்த நூலுக்கு முன்னுரை எழுதிக் கொடுத்தார்.

இவ்வளவு பட்டம் வாங்கியும், கோர்ட்டில் தொழில் செய்ய சன்னது வாங்கப் பணம் இல்லை. அந்தப் பணத்தையும் நாவல் பத்தேனாதான் கொடுத்தார். வக்கீல் தொழிலில் முதலில் வருமானம் வரவில்லை. ஒரு கணக்கியல் பயிற்சி நிலையத்தில் வணிகச் சட்டம் சொல்லிக் கொடுத்து 1925 முதல் 1928 வரை குடும்பத்தை நடத்தினார்.

படிப்புக்கு மரியாதை

பட்டினி கிடந்து படித்த படிப்பு வீண் போகவில்லை. கடனாளியாக லண்டனை விட்டு வந்தவர், 7 ஆண்டு கழித்து 1930-ல் அதே லண்டனுக்கு வட்டமேஜை மாநாட்டுப் பிரதிநிதியாகப் போனார். தமிழ்நாட்டில் இருந்து ரெட்டைமலை சீனிவாசனும் அவரோடு போனார். தாழ்த்தப்பட்ட மக்களின் குறைகளை இருவரும் அந்த மாநாட்டில் எடுத்துச் சொன்னார்கள்.

1935-ல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வர் பதவி கிடைத்தது. ஆனால் அந்த ஆண்டு மே 27-ந் தேதி ராமாபாய் காலமாகிவிட்டார். தாதரில் அம்பேத்கார் கட்டிய ராஜகிருகம் என்ற வீட்டில் புத்தகங்களுக்குப் பெரிய இடம் இருந்தது. கஷ்ட காலம் முழுவதும் கூட இருந்த மனைவிக்கு, அந்த வீட்டில் நீண்ட நாள் வாழக் கொடுத்து வைக்கவில்லை.

1947-ல் சுதந்திர இந்தியாவின் முதல் சட்ட மந்திரி ஆனார். அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவர் ஆனார். 1952 ஜூன் 5-ந் தேதி கொலம்பியா பல்கலைக்கழகம் அவரை நியூயார்க்குக்கு அழைத்து, கவுரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

கடனைத் தீர்த்த விதம்

தன் படிப்புக்கு உதவியவர்களை அம்பேத்கார் மறக்கவில்லை. ரூபாயின் பிரச்சினை பற்றிய நூலைத் தன் தாய் தந்தையருக்குக் காணிக்கை ஆக்கினார். கொலம்பியா பட்டம் வாங்கித் தந்த நூலைப் பரோடா மகாராஜாவுக்குக் காணிக்கை ஆக்கினார். பாகிஸ்தான் பிரச்சினை பற்றி 1940-களில் எழுதிய நூலை ராமாபாயின் நினைவுக்குக் காணிக்கை ஆக்கினார். தாங்கள் பட்ட கஷ்டத்தை மனைவி முகம் கோணாமல் தாங்கியதை அதில் குறிப்பிட்டார்.

இது நன்றிக் கடன். இன்னொரு கடனும் இருந்தது. தனக்கு ஒரு மகாராஜாவும் ஒரு நண்பரும் கிடைத்தார்கள். அப்படி யாரும் கிடைக்காத பிள்ளைகள் என்ன செய்வார்கள்? இதற்குப் பதிலாக 1945-ல் மக்கள் கல்விச் சங்கத்தை நிறுவினார். அடுத்த ஆண்டு, 1946-ல், பம்பாயில் சித்தார்த் கல்லூரி திறக்கப்பட்டது. பிறகு அவுரங்காபாத்தில் ஒரு கல்லூரி தொடங்கினார். வணிகவியலுக்கும் சட்டத்துக்கும் தனிக் கல்லூரிகள் வந்தன. பகலில் வேலைக்குப் போவோருக்காக இரவுப் பள்ளிக்கூடமும் நடத்தப்பட்டது. தாழ்த்தப்பட்டோர் மட்டும் அல்ல, எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அந்தக் கல்லூரிகளில் சேர்ந்து படித்தார்கள்.

1956 டிசம்பர் 6-ந் தேதி அம்பேத்கார் டெல்லியில் காலமானார். உடல் பம்பாய்க்குக் கொண்டுவரப்பட்டு, தாதர் கடற்கரையில் தகனம் செய்யப்பட்டது. இன்றும் ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் லட்சக்கணக்கான மக்கள் அங்கே கூடுகிறார்கள். அங்கே முளைக்கும் கடைகளில் மற்றப் பொருள்களைவிடப் புத்தகங்கள்தான் கண்ணில் அதிகம் படும். வெகுதூரத்தில் இருந்து ரெயில் ஏறி வந்த ஏழை எளிய மக்கள் அவற்றை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள்.